மடியில் அரிசி மூட்டை

2012 மே 12, சனி. குவேக்கர்ஸ் ஹில்.

பரமட்டாவில் ஒருவர் இரண்டு பழைய ஜப்பான் குட்டிக் கார்கள் வைத்திருக்கிறார்: ஒரு பீட், ஒரு கப்புச்சீனோ. இரண்டிலும் இரண்டு பேர்தான் இருக்கலாம். ஏதாவது ஒன்றை எனக்கு விற்பதாகச் சொன்னார். என் மனம் கப்புச்சீனோவில்தான். நீண்ட பொனட், டர்போ, கழற்றி எடுக்கக்கூடிய கூரை. மனைவி வசந்தியைச் சம்மதிக்க வைக்க ஒரு கிழமையாகப் பேச்சுத் தயாரித்தேன்.

இன்று இருவரும் கார்களைப் பார்க்கப் போனோம். வழியில் வாங்கிய இருபது கிலோ அரிசி மூட்டையை அவள் காட்டினாள்.

"இது டிக்கிக்குள்ள போகாட்டி கார் வேண்டாம்."

பீட்டில் வைத்தோம், டிக்கி மூடவில்லை. கப்புச்சீனோவில் மூடியது. எனக்குச் சந்தோஷத்தில் புளுகம் தாங்கவில்லை. உடனே அந்த மனிதர் கூரையைக் கழற்றிக் காட்டினார். கழற்றிய துண்டுகளை வைக்க டிக்கிதான் இடமாம். அரிசி வெளியே வந்தது.

"மற்றதை நான் ஒருக்கா ஓடிப் பாக்கிறன்" என்று வசந்தி பீட்டில் ஏறினாள். மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு நானும் ஏறினேன். முதுகுக்குப் பின்னால் எஞ்சின் கத்த, அவள் சிரித்துக்கொண்டே மூன்று சுற்று ஓடினாள்.

"அரிசியை என்னப்பா செய்யிறது?" என்று கேட்டேன்.

"அதுக்குத்தானே நீங்கள் இருக்கிறியள்."

பீட்டைத்தான் எடுக்கிறோம். தொடை இன்னும் மரத்துக் கிடக்கிறது. ஓடிப் பார்க்க எனக்கு முறை வரவேயில்லை.