கைக்குட்டை வால்ட்ஸ்

ஜூலை 7, திங்கள்
காலையிலிருந்து தூறல். ஸ்வெட்டர் ஈரம். இந்த நோட்டில் நடந்ததை நடந்தபடி எழுதப் போகிறேன். எனக்குச் சாதகமாகக்கூட மாற்ற மாட்டேன்.

பள்ளியில் பால்ரூம் நடனம் ஆரம்பம், முதலில் வால்ட்ஸ். ஜோடியாகக் கைகோத்து ஆடுவது. பெங்களூரு மாஸ்டர், பாதி கன்னடம். சர்க்குலரில் பயன்கள்:
1. முதுகு நிமிரும்.
2. கூச்சம் போகும்.
3. பிறரை மதிக்கும் பழக்கம் வரும்.

நூலகத்தில் இதைப் பற்றி ஒரு புத்தகமும் இல்லை. ஆண்டு விழாவுக்கு எட்டு ஜோடி எடுப்பார்களாம். நான் அதில் இருக்க வேண்டும்.

ஜூலை 9, புதன்
பெற்றோர் சிலர் வந்து சண்டை. பையன் கையைப் பெண் பிடிப்பதா? ஹெச்.எம். தீர்ப்பு: கைக்குட்டையின் ஆளுக்கொரு முனையைப் பிடித்து ஆடணும். மாஸ்டர் தலையில் அடித்துக்கொண்டார்.
கணக்கு டெஸ்ட் 23/25.

ஜூலை 11, வெள்ளி
அதற்கும் சண்டை. இனி பெண்ணோடு பெண், பையனோடு பையன். கைக்குட்டை வேண்டாம் என்றார் மாஸ்டர். எல்லாரும் பைக்குள் வைத்தார்கள். என் ஜோடி சிந்து மட்டும் ஒரு முனையை என்னிடம் நீட்டினாள். ஏன் என்றேன்.

"உங்க வீடு எந்தத் தெருன்னு எங்கம்மா கேட்டாங்க. காலனின்னு சொன்னேன். கையப் பிடிக்காதன்னுட்டாங்க. தப்பா எடுத்துக்காதடீ."

சாதிதான். எழுதிவிட்டேன். அவள் அப்பாவும் என் அப்பாவும் ஒரே கம்பெனி, ஒரே ஷிப்ட் பஸ்.

முனையைப் பிடித்து ஆடினேன். அதுவும் உண்மை.

ஜூலை 14, திங்கள்
கைக்குட்டைதானே, ஆடிவிடு என்றார் அப்பா. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், சாப்பிடவில்லை. அம்மா, அந்த டான்ஸே வேண்டாம் என்றாள். இருவர் மேலும் கோபம். சிந்து மேல் அதைவிட. அவள் அம்மாவைப் பற்றி எழுதினால் தாள் கிழியும்.

வகுப்பு மிஸ்ஸிடமும் சொன்னேன். "இதைப் பெருசாக்காத. ஸ்டேஜ்ல கலர் கைக்குட்டை அழகாத்தான் இருக்கும்."

ஜூலை 16, புதன்
மாலை, ஹாலில் தேர்வு. என் காலடி சுத்தம், இடம் நிச்சயம் என்று மாஸ்டர் முன்பே சொல்லியிருந்தார். பாட்டு ஆரம்பம். சிந்து கைக்குட்டையை நீட்டினாள். நான் வெறும் கையை நீட்டினேன்.

"பிடிடீ, பாட்டு போகுது."

"கையப் பிடி. ஆடறேன்."

அவள் மாஸ்டரைப் பார்த்தாள். அவர் வேறு ஜோடியைப் பார்த்தார். எல்லாரும் எங்களைச் சுற்றிச் சுற்றிப் போனார்கள். பாட்டு முடிந்தது. எட்டு ஜோடிப் பெயர்கள். நாங்கள் இல்லை.

உன்னால்தான் என் பெயரும் போச்சு என்று சிந்து அழுதாள். என் கை நீட்டியபடியே இருந்தது, வலித்தது. பஸ் கிளம்புது, போம்மா என்றார் வாட்ச்மேன். ஹால் விளக்கை அணைத்துவிட்டார்.