பெட்டியின் உள்துணி

மார்ச் 9, வியாழன்

அவரவர் சவப்பெட்டியை அவரவரே செய்துகொள்ளும் சங்கத்தில் என் பெட்டிக்குக் கடைசிப் பூச்சு முடிந்தது. இனி உள்ளே துணி அடிக்க வேண்டும், வெளி விளிம்பில் பீடிங் என்கிற மெல்லிய மரப்பட்டை அடிக்க வேண்டும். என் வலது கை பத்து நிமிடத்துக்கு மேல் ஓடுவதில்லை. சங்கத்தை நடத்தும் மிரியாமா, "வீட்டுக்கு எடுத்துட்டுப் போ பெவ். தினம் கொஞ்சமா அடி. வாரத்துக்கு ஒருநாள் இங்க வந்து அடிச்சா அடுத்த வருஷம்தான் முடியும்" என்றாள். அடுத்த வருஷம்! டாக்டர் இந்தக் கைக்கு ஜூனில் வரும் குளிர்காலம் வரைதான் தவணை கொடுத்திருக்கிறார். நரம்பு நோய். கைக்குப் பிறகு கால், பிறகு நாக்கு.

அப்புறம் என்னைக் குளிப்பாட்டுவார்கள், ஊட்டுவார்கள். சரி, செய்யட்டும். கடைசியாகப் படுக்கிற இடத்தை மட்டும் என் கையால் முடித்துவிட வேண்டும். வேறெதையும் நான் கேட்கவில்லை.

மார்ச் 11, சனி

என் கணவன் மர்ரே நாற்பது வருடம் சமையலறை அலமாரி செய்தவன். கராஜ் சுவர் முழுக்க அவன் கருவிகள். பெட்டியை அங்கே இறக்கியதும் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"என் சாமான் எதையும் இதுக்குத் தொடாத."

"எதை வாங்கணும்னாவது சொல்லேன்."

"எனக்குத் தெரியாது."

தெரியாதாம்! எங்கள் வாங்கனுயி ஊரில் பாதிப் பேர் இவனைக் கேட்டுத்தான் கருவி வாங்குகிறார்கள்.

மார்ச் 14, செவ்வாய்

கடையில் ஒரு மணி நேரம் போனது. துணியைப் பின் போட்டு மரத்தில் அடிக்க, கையால் அமுக்கும் ஸ்டேபிள் கன்தான் மலிவு. இரண்டு கையாலும் அமுக்கிப் பார்த்தேன், அசையவில்லை. கடைக்காரப் பெண், "நல்லா அழுத்துங்க, அவ்வளவுதான்" என்றாள். அந்த அவ்வளவுதான் என்னிடம் இல்லையே! ஸ்டேபிள் பின், ஆணி இரண்டையும் அடிக்கும் ஒரே கருவியும் இருந்தது. அதன் விசை கல் மாதிரி இறுக்கம். கடைசியில் பேட்டரி ஸ்டேபிள் கன் ஒன்று வாங்கினேன், தொட்டாலே அடிக்கிறது. பீடிங்குக்குச் சின்ன ஆணி அடிக்கும் பிராட் நெய்லரில் பேட்டரி வைத்ததைத் தூக்கவே முடியவில்லை, அதனால் வயர் வைத்ததை வாங்கினேன்.

மிரியாமா போனில் சொன்னாள்: "ஆணி இருபத்தஞ்சு மில்லிக்கு மேல வாங்காத. உள்பக்கம் முள்ளா நிக்கும்."

"செத்தவளைக் குத்தினா என்ன?"

"தூக்குறவங்க விரல் இருக்கே!"

மார்ச் 20, திங்கள்

பீடிங் முடிந்தது. ஒரு மூலை இடைவெளி விட்டிருக்கிறது. ஆனாலும் நான் செய்தது. சந்தோஷமாக இருக்கிறது, வெட்கமில்லாமல்.

ஏப்ரல் 4, செவ்வாய்

நேற்றுத் தலைப்பக்கம் துணி அடித்து முடித்திருந்தேன். கைக்கான சிகிச்சைக்குப் போய்விட்டு வந்து பார்த்தால் தொங்குகிறது. பின்கள் பெட்டியின் அடியில் உதிர்ந்து கிடந்தன. ஏன்? கருவியைச் சரியாகப் பதிக்கவில்லையா?

ஏப்ரல் 9, ஈஸ்டர்

மறுபடியும்.

ஏப்ரல் 14, வெள்ளி

ஆறு மில்லி பின்னை விட்டுப் பத்து மில்லி வாங்கினேன். அதுவும் உதிர்கிறது. கருவியைக் குறை சொல்வதா, கையையா? கையைத்தான். டாக்டர் சொன்னதற்கு முன்பே போகிறது போல.

மர்ரே தேநீர் கொண்டுவந்தான். "விட்டுடு பெவ். உன்னால ஆகாது" என்றான். இப்படி அவன் ஒருநாளும் சொன்னதில்லை. கராஜிலேயே உட்கார்ந்து அழுதேன்.

மே 2, செவ்வாய்

எழுத வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

கைச் சிகிச்சைக்குப் போனால் வைத்தியர் விடுமுறை. மிரியாமா காரிலேயே திருப்பிக் கொண்டுவந்து விட்டாள். கராஜ் கதவு திறந்திருந்தது. மர்ரே முழங்காலில், கையில் குறடு. நேற்று நான் அடித்த பின்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, தானாக உதிர்ந்ததுபோல் பெட்டிக்குள் போட்டுக்கொண்டிருந்தான்.

"என்ன பண்றே?"

எழுந்திருக்கவில்லை. "இது முடிஞ்சா நீ போயிடுவே."

"முடியலன்னாலும் போவேன் மர்ரே! கை போச்சுன்னு நெனச்சு அழுதேனே, பாத்துக்கிட்டுத்தானே இருந்தே?"

ஒரு மாதம். எனக்கிருந்த கையில் ஒரு மாதம் — அதை இவன் எடுத்துக்கொண்டான்.

மே 3, புதன்

நான்கு பின்கள். நான்கும் நின்றன.

மே 19, வெள்ளி

விரல் விசையை அழுத்தவில்லை. இடப்பக்கம் முழுக்கப் பாக்கி.

ஜூன் 11, ஞாயிறு

கையெழுத்து மர்ரேயுடையது. சொல்வது நான்.

இடப்பக்கம் இன்று முடிந்தது. நான் நாற்காலியில் உட்கார்ந்து இடத்தைச் சொல்லச் சொல்ல அவன் அடித்தான். வேலை சுத்தம், மடிப்பே தெரியவில்லை. நான் அடித்த பக்கம் அதற்குப் பக்கத்தில் அசிங்கமாக இருக்கிறது. நான்கு பக்கமும் என் கையால், அப்படி அசிங்கமாகவே இருந்திருக்க வேண்டும்.

கீழே மன்னிப்புக் கேட்டு ஒரு வரி எழுதட்டுமா என்று கேட்கிறான். வேண்டாம், இது என் நோட்டு என்றேன். அழுகிறான். அதையும் எழுதச் சொன்னேன்.