பின்சக்கரத்துக் கட்டை

வேலந்தாவளம்
24-5-1974

அன்புள்ள மாப்பிள்ளை ஈஸ்வரமூர்த்தி அவர்களுக்கு அத்தை ராசம்மாள் ஆசி கூறி எழுதுவது.

இங்கே உங்கள் மாமா சுகம். மாடு கன்றுகள் சுகம். எனக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, கோபம்தான். கல்யாணமாகி இரண்டு வருடத்தில் நான் உங்கள் முகத்துக்கு நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. மாப்பிள்ளை வந்தால் மாமியார் கதவுக்குப் பின்னால் நிற்பதுதான் நம் பக்கத்து வழக்கம். காகிதத்துக்குக் கதவு கிடையாது என்பதால் இதை எழுதுகிறேன். மரியாதை குறைந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கோபம் குறையாது.

ஆனி மாதம் மகள் கமலாத்தாளுக்குக் கட்டுச்சோறு கட்டி, தலைப்பிரசவத்துக்கு இங்கே அழைத்து வரவேண்டும். பஸ்ஸில் வேண்டாம், மலைமேல் ஆனைக்கரையிலிருந்து நானே வேனில் கொண்டுவந்து விடுகிறேன் என்று மாமாவுக்கு எழுதியிருந்தீர்கள். வேன் இப்போது லிட்டருக்கு இரண்டு மைல் கூடுதலாக ஓடுகிறது என்றும் எழுதியிருந்தீர்கள். உங்கள் மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை. சந்தைக்குக் காளை பார்க்கப் போனவர் காளையை விட்டுவிட்டு, எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் உங்கள் பெருமையைப் பேசிவிட்டு வந்தார். "எம்பட மாப்பிள்ளை காத்துலயே வண்டி ஓட்டறாருங்க" என்றாராம். நான் மோர் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டேன். போன மாதம் அந்த வேனில் ஏறி இறங்கியவள் நான்தானே, அவரில்லையே.

பெட்ரோல் விலை ஏறிக் கிடப்பது எனக்கும் தெரியும். நானும் வீணடிக்கிறவள் அல்ல, ஒரு தீக்குச்சியில் இரண்டு அடுப்புப் பற்றவைக்கிறவள்தான். டயருக்குச் சரியாகக் காற்றடித்தீர்கள். கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தீர்கள். அடைத்துக் கிடந்த பில்டரை மாற்றினீர்கள். அதோடு நிறுத்தியிருந்தால் நானும் சந்தையில் போய் உங்களைப் புகழ்ந்திருப்பேன்.

வண்டியின் எடையைக் குறைக்கிறேன் என்று பின்சீட்டைக் கழற்றினீர்களே, அது யாருக்காகப் போட்ட சீட்டு? மகள் மலை ரோட்டில் குலுங்கக் கூடாது என்று உங்கள் மாமா கோயமுத்தூரில் ஆள் பிடித்து மெத்தை தைத்த சீட்டு. அது இப்போது ஏலக்காய் ஸ்டோரில் கிடக்கிறது. அதன்மேல் கோழி அடைகாக்கிறது. கோழிக்கு மெத்தை, ஆறு மாதக்காரிக்கு ஏலக்காய்ச் சாக்கு. நான் இங்கிருந்து சுமந்துவந்த தேங்காய் மூட்டையையும், கனம் என்று சொல்லிக் கம்பத்திலேயே ஒரு கடையில் இறக்கி வைத்துவிட்டீர்கள். பிள்ளைத்தாய்ச்சிக்குச் சட்னி அரைக்க நான்கு தேங்காய் மலையேறக் கூடாதா? அந்தக் கடைக்காரர் வீட்டில் நன்றாகவே அரைத்திருப்பார்கள்.

பெரியமுத்துவை நிறுத்தியது எனக்கு அதைவிட வயிற்றெரிச்சல். உங்கள் தகப்பனார் காலத்திலிருந்து அந்த வண்டிக்குக் கிளீனர் அவர். பாரவண்டி மாதிரி ஆள் கனம், அவரை ஏற்றினால் பெட்ரோல் குடிக்கிறது என்று நிறுத்திவிட்டீர்களாம். அந்த மனிதர் குமுளி பஸ் ஸ்டாண்டில் நின்று என்னைப் பார்த்துக் கும்பிட்டார். "எங்கனயும் போயிரலைத்தா, இங்கனதேன் கெடக்கேன்" என்றார். எனக்குத்தான் தலை நிமிரவில்லை.

திரும்பி வரும்போது குமுளியிலிருந்து கம்பத்துக்கு இறங்கினோம். செக்போஸ்ட் தாண்டியதும் நீங்கள் இன்ஜினை அணைத்துவிட்டீர்கள். வண்டி சத்தமே இல்லாமல் சரிந்து போயிற்று. வளைவில் ஏறிவந்த பஸ்காரருக்கு நாம் வருவது காதில் விழவே இல்லை, கடைசி நிமிடத்தில் ஒதுங்கினார். நீங்கள் பிரேக்கை மிதித்து மிதித்துத் தீய்ந்த வாடை கம்பம் வரைக்கும் கூடவே வந்தது. மாப்பிள்ளை, நாம் மாடு வைத்துப் பிழைக்கிற குடும்பம். இறக்கம் வந்தால் மாட்டை அவிழ்த்துவிட்டு வண்டியை மட்டும் உருட்டிவிடுகிறவன் நம்மில் எவனாவது உண்டா? இறக்கத்தில் வண்டியைத் தாங்கிப் பிடிப்பதே மாடுதானே. இன்ஜினும் அப்படித்தான் என்று, வண்டி ஓட்டத் தெரியாத எனக்கே தெரிகிறது.

இவ்வளவையும் உங்கள் மாமாவிடம் சொல்லிவிட்டேன். கேட்டுவிட்டு, இளரத்தம், போகப்போகச் சரியாகும் என்றார். ஒன்றை மட்டும் அவரிடம் சொல்லவில்லை. அதை உங்களுக்குத்தான் சொல்லவேண்டும்.

நான் வந்த அன்று, என்னை அழைக்க வந்த கமலாத்தாளோடு கம்பத்திலிருந்து மலை ஏறினோமே, செங்குத்தான வளைவு வந்ததும் வண்டியை நிறுத்தினீர்கள். பாரம் குறைந்தால் கீழ் கியர் போடாமல் ஏறிவிடலாம், எல்லோரும் இறங்கி நடங்கள் என்றீர்கள். ஏற்றத்தில் நின்ற மாட்டை மறுபடி இழுக்கவைக்க இரண்டு பங்கு பலம் வேண்டும், வண்டிக்கு மட்டும் வேண்டாமா என்று நினைத்தேன். நீங்கள் நிறுத்திய மறு நொடி, நான் இறங்குவதற்கு முன்னால், என் மகள் குதித்து இறங்கினாள். இரண்டு கையாலும், வண்டி பின்னால் உருளாமல் சக்கரத்துக்குத் தடை வைக்கிற மரக்கட்டையைத் தூக்கிக்கொண்டு வண்டிக்குப் பின்னால் ஓடினாள். பெரியமுத்து போட வேண்டிய கட்டை. வயிற்றை ஒரு பக்கம் ஒதுக்கிக் குனிந்து பின்சக்கரத்துக்குக் கீழே அதைச் சொருகினாள். நீங்கள் கிளம்பிய பிறகு அதை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு, தண்ணீர்க் குடம் கொண்டுவருகிறவள் மாதிரி வளைவு முழுவதும் ஏறி வந்தாள். என்னைப் பார்த்துச் சிரிக்கவும் சிரித்தாள்.

இரண்டாவது வளைவில் அவள் கட்டையை வைப்பதற்குள் சக்கரம் பின்னால் உருண்டது. அரை சாண்தான் இருக்கும். கையை இழுத்துக்கொண்டாள். கண்ணாடி வளையல் இரண்டு கட்டைக்கும் டயருக்கும் நடுவே நொறுங்கிவிட்டது. நீங்கள் முன்னால் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அதைக் குற்றம் சொல்லவில்லை, ஓட்டுகிறவர் முன்னால்தான் பார்க்கவேண்டும். பின்னால் நடந்ததை நான் பார்த்தேன். கத்தியிருக்கவேண்டும். மாப்பிள்ளை எதிரில் சத்தம் போடக் கூடாது என்று வளர்த்த வளர்ப்பு, முந்தானையை வாயில் அடைத்துவிட்டது. அந்த வழக்கத்தை ஏற்படுத்தியவர் யாரோ, அவர் கையில் கிடைத்தால் விடமாட்டேன்.

வளையல் எங்கே என்று நீங்கள் ராத்திரி சாப்பிடும்போது கேட்டீர்கள். கதவில் இடித்துக்கொண்டதாகச் சொன்னாள். நான் அடுப்படியில் அவளைப் பிடித்துத் திட்டினேன். "சும்மா இரும்மா, அவிய காதுல உளுந்தரப் போகுது. பெட்ரோல் மிச்சமானா அவிய மொகமே தனியாத் தெரியுது, நீ பாத்ததில்ல" என்றாள். உங்கள் முகம் மலர்ந்திருப்பதற்காகச் சக்கரத்துக்கு அடியில் கை விடுகிற பெண்ணை நான் பெற்று உங்களிடம் கொடுத்திருக்கிறேன். கடுகு போன இடம் ஆராய்கிறீர்கள், பூசணிக்காய் போகிற இடம் தெரியவில்லையே மாப்பிள்ளை!

ஆனி பிறந்தால் உங்கள் பக்கம் மழை பிடித்துவிடும். ரோடு ஈரம், கட்டை ஈரம், அவளுக்கு எட்டாம் மாதம். அதனால் கேட்கிறேன். கோழியை இறக்கிவிட்டுச் சீட்டை மாட்டுங்கள். பெரியமுத்துவைக் கூப்பிடுங்கள், அவர் கோபித்துக்கொள்ளவில்லை, நின்ற இடத்திலேயே நிற்கிறார். இறக்கத்தில் இன்ஜினை அணைக்காதீர்கள். இந்தக் கடிதத்தைக் கமலாத்தாளிடம் காட்டவேண்டாம். காட்டினால் உங்களுக்காக என்னிடம்தான் சண்டைக்கு வருவாள்.

கட்டுச்சோறு எடுத்துக்கொண்டு நானும் மாமாவும் வருகிறோம். பெரியமுத்து வண்டியில் இல்லை என்றால், கட்டையை நான் எடுத்துக்கொண்டு இறங்குவேன். சம்பந்தி வீட்டார் பார்க்கட்டும், குமுளிக் கடைவீதியே பார்க்கட்டும். நான் சக்கரத்துக்குக் கீழே குனிந்திருக்கும்போது நீங்கள் ஒரே ஒரு தடவை பின்னால் திரும்பிப் பாருங்கள். என்னைப் பார்க்கச் சொல்லவில்லை. அந்த இடத்தில் இத்தனை நாள் குனிந்திருந்தவள் யார் என்று பாருங்கள்.

நீங்கள் நூறு வயது இருக்கவேண்டும். உங்கள் கை பிடித்த வண்டி எந்த மேட்டிலும் பின்வாங்காமல் இருக்கவேண்டும். மலை இறங்கும் வழியெல்லாம் இன்ஜின் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்க, என் மகள் என் மடியில் தலைவைத்துத் தூங்கிக்கொண்டு வரவேண்டும். அவளுக்கு இரண்டு டஜன் வளையல் வாங்கி வைத்திருக்கிறேன். போடுவதற்குக் கை இரண்டும் வந்து சேரவேண்டும் சாமி.

இப்படிக்கு,
இனிமேல் கதவுக்குப் பின்னால் நிற்கப்போகாத
உங்கள் அத்தை,
மா. ராசம்மாள்