உன் நம்பரில் ஏறிய மாத்திரைகள்

மச்சான்,

நேற்று மாத்தளையில் நம் வழமையான பாமசிக்குப் போனேன். தலைவலிக்கு ஒரு அட்டை மாத்திரை, அவ்வளவுதான் வேண்டும். கல்லாவில் இருந்த பிள்ளை காசை வாங்குவதற்கு முன்பே கேட்டது: "அங்கிள், போன் நம்பர் சொல்லுங்க. பொயிண்ட்ஸ் சேரும்." எனக்குப் பொயிண்ட்ஸ் வேண்டாம் என்றேன். "சும்மா நம்பர் மட்டும்தானே அங்கிள்," என்றது. என் வாயில் வந்தது என்னுடைய நம்பர் இல்லை, உன்னுடையது. பாதி சொன்ன பிறகுதான் உறைத்தது. வாயை மூடிக்கொண்டு மாத்திரையையும் அங்கேயே விட்டுவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

பஸ் நிற்கும் இடம் வரைக்கும் உன்மேல் கோபமாக வந்தது. போய்ச் சேர்ந்தவன்மேல் கோபப்படக் கூடாது என்று சொல்வார்கள். எனக்கு வந்தது, என்ன செய்ய.

நீ ஒரு பொயிண்ட்ஸ் பைத்தியம். உக்குவளையில் த்ரீவீலர் ஓட்டுகிறவன், நாள் தவறாமல் மாத்தளைக்கு ஹயர் போகிறவன், உன் லேனில் யாருக்கு மருந்து முடிந்தாலும் மருந்துத் துண்டு உன் கைக்குத்தான் வரும். ஆஸ்பத்திரி கிளினிக்கில் "இந்த மருந்து இப்ப இல்ல, வெளியில வாங்குங்க" என்று எழுதிக் கொடுப்பார்கள். வயசான ஆட்கள் அதற்காக பஸ் ஏறி, வெயிலில் நின்று, திரும்பி வர வேண்டுமா என்று நீ எல்லாத் துண்டுகளையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போவாய். பாமசியில் எல்லாருடைய மாத்திரைக்கும் உன் நம்பரைச் சொல்வாய். "ஆளுக்கு ஆள் நம்பர் சொன்னா பொயிண்ட்ஸ் சிதறிப் போகும்டா. ஒரே நம்பர்ல போட்டா ரைஸ் குக்கர் வரும்," என்று எனக்கே விளக்கம் சொன்னாய். ரைஸ் குக்கரும் வந்தது. அதை வீட்டுக்குக் கொண்டுபோன அன்று உன் பெண்சாதி செல்வி மூன்று வீட்டுக்குச் சோறு கொடுத்தனுப்பினாள்.

லேனில் யாருக்கும் அது பிழையாகத் தெரியவில்லை. எனக்கும்தான். நான் காப்புறுதி ஏஜென்ட், மாத்தளைக் கிளையில் இத்தனை வருஷமாகக் குப்பை கொட்டுகிறவன். பாமசியில் சொல்லும் நம்பருக்கும் உன் ஆயுள் பொலிசிக்கும் நடுவில் ஒரு கதவு திறந்திருக்கிறது என்று எங்களுக்கு ஒருத்தரும் சொல்லவில்லை.

பொலிசியை நான்தான் உனக்குப் போட்டுக் கொடுத்தேன். உன் வீட்டு முன்னறையில் இருந்து கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்டேன். சீனி வருத்தம் இருக்கிறதா, பிரஷர் இருக்கிறதா, எப்போதாவது ஒபரேஷன் செய்ததா. சின்ன வயதில் கொய்யா மரத்திலிருந்து விழுந்து கை முறிந்ததைக்கூட விடாமல் சொன்னாய். அதெல்லாம் தேவையில்லையடா என்றால், "கேட்டா சொல்லத்தானே வேணும்," என்றாய். த்ரீவீலர் ஓட்டுகிறவன் என்பதற்காகப் பிரீமியத்தில் கொஞ்சம் கூடுதலாகப் போட்டிருந்தார்கள். அதைப் பார்த்துவிட்டு நீ சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. "நான் செத்தா எனக்கு நட்டம், சாகாட்டி கட்டின காசு நட்டம். நல்ல யாவாரம்டா உங்களுக்கு!"

பிறகு அந்த மழைக் காலம். கண்டி வீதியில் காற்றுக்கு மாரா மரம் முறிந்து உன் வண்டிமேல் விழுந்தது. நல்ல வேளை, வண்டியில் வேறு யாரும் இல்லை. அதற்குமேல் அதைப் பற்றி எழுத எனக்குக் கை வரவில்லை.

எழுதப் போவது அதற்குப் பிறகு வந்த கூத்தை. கிளெய்ம் பத்திரங்களை நானே தயார்செய்து அனுப்பினேன். மரண சான்றிதழ், பொலிஸ் அறிக்கை, எல்லாம் சரி. மரம் விழுந்து செத்தவனுக்கு இதில் என்ன கேள்வி வரப் போகிறது என்று செல்விக்குத் தைரியமும் சொன்னேன். ஹெட் ஒபிசிலிருந்து கடிதம் வந்தது. பொலிசி எடுப்பதற்கு முன்பிருந்தே காப்புறுதிதாரர் சீனி வருத்தத்துக்கும், பிரஷருக்கும், மனநோய்க்கும் தொடர்ந்து மருந்து வாங்கியிருக்கிறார், அதை மறைத்திருக்கிறார், எனவே பொலிசி செல்லாது என்று கருதக் காரணம் இருக்கிறது. இப்படி எழுதியிருந்தார்கள். மரம் விழுந்ததைப் பற்றி ஒரு வரி இல்லை, மச்சான். மரத்துக்குச் சீனி இருந்ததா என்றுதான் கேட்கவில்லை!

ஹெட் ஒபிசுக்குப் போன் எடுத்தேன். கிளெய்ம் பார்க்கிற மிஸ் நல்ல பிள்ளைதான், பண்பாகப் பேசும். "சேர், நான் சொல்லல்ல, சிஸ்டம் காட்டுது. பாமசி எங்கட பார்ட்னர். கஸ்டமர் பொயிண்ட்ஸ் எடுக்கச் சம்மதிச்சா டேட்டா எங்களுக்கும் வரும்," என்றது. எங்கே சம்மதித்தான் என்று கேட்டேன். முதல் தடவை போனுக்கு நாலு இலக்கக் கோட் ஒன்று வந்திருக்கும், அதைக் கல்லாவில் சொல்லியிருப்பார், அதுதான் சம்மதம் என்றது. ரைஸ் குக்கருக்காக நீ சொன்ன நாலு இலக்கத்தில் உன் உடம்பையே எழுதி வாங்கிவிட்டார்கள்.

பொய் சொல்லிப் பொலிசி எடுக்கிறவர்கள் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். என் கையாலேயே அப்படி நாலைந்து பேரைப் பிடித்திருக்கிறேன். அவர்களுக்குக் கொடுக்கிற காசு ஒழுங்காகக் கட்டுகிற மற்றவர்களுடைய காசுதான். அதற்குக் கம்பனி கேட்கட்டும், சோதிக்கட்டும், டொக்டரிடம் அனுப்பட்டும். ஆளை முன்னால் இருத்திக் கேள்வி கேட்டுவிட்டு, அவன் சொன்ன பதிலை ஒரு பக்கம் வைத்துவிட்டு, பின்பக்கமாகப் போய் அவன் கடைப்பையைக் கிளறிப் பார்ப்பது எந்த ஊர் நியாயம்? கிளறினாலும் பரவாயில்லை. பையில் இருப்பதெல்லாம் பையைத் தூக்கினவன் வயிற்றுக்குள் போனது என்று எப்படி முடிவு கட்டுவது? போன வருஷம் பயிற்சி வகுப்பில் டை கட்டிய ஒரு தம்பி, ஆட்கள் வாயால் சொல்வதைவிட அவர்கள் வாங்குகிற சாமான் உண்மை பேசும் என்று திரையில் படம் காட்டினார். அந்தத் தம்பியை ஒரு நாள் உன் லேனில் கொண்டுவந்து விட வேண்டும் என்று இருந்தது.

ஆனால் என்னை உலுக்கியது கம்பனி இல்லை, செல்வி. கடிதத்தை என்னிடம் நீட்டிவிட்டுக் கேட்டாள்: "அண்ணே, அவரு என்கிட்ட மறைச்சாரா?" பணத்தைப் பற்றி ஒரு சொல் கேட்கவில்லை. சீனியும் பிரஷரும் அவளுக்குப் புரிந்தது. லேனுக்கு நீ மருந்து வாங்குவது அவளுக்குத் தெரியும்தானே. மூன்றாவதுதான் அவளைப் பிடித்துக்கொண்டது. மனதுக்கு மாத்திரை குடிக்கிறவர் லேனில் யாரும் இல்லை, அப்படியானால் அது நீதான் என்று முடிவு கட்டிவிட்டாள். அலுமாரியில் உன் சட்டைகளையெல்லாம் உதறிப் பார்த்திருக்கிறாள். நொறுங்கின வண்டியின் சீட்டுக்கு அடியில் கைவிட்டுத் தேடியிருக்கிறாள். "பக்கத்துல படுத்த மனுசன் என்ன வேதனையில கெடந்தாரோ, நான் மாடு மாதிரி தூங்கியிருக்கேன் அண்ணே," என்றாள். அப்போது அவள் அண்ணனும் அண்ணியும் பக்கத்தில் இருந்தார்கள். பார்த்துக்கொள்கிறேன் தங்கச்சி என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

அந்த மூன்றாவது மாத்திரை யாருடையது என்று உனக்கும் எனக்கும் கண்டியில் இருக்கிற டொக்டருக்கும்தான் தெரியும். அது என்னுடையது.

உனக்கு ஞாபகம் இருக்கும். டார்கெட், டார்கெட் என்று கிளையில் கழுத்தை நெரித்த காலம். கூட்டத்தில் பெயர் கூப்பிடும்போதே நெஞ்சு அடித்துக்கொள்ளும், கை விறைக்கும். கண்டிக்குப் போய் யாருக்கும் தெரியாமல் டொக்டரைப் பார்த்தேன். மாதாமாதம் மருந்துக்காகக் கண்டிக்குப் போக முடியாது, மாத்தளையில்தான் வாங்க வேண்டும். எந்தப் பாமசிக்குப் போனாலும் நான் பொலிசி விற்ற முகம் ஒன்று கல்லாவில் இருக்கும். உன் வண்டியில் ஏறி, சொல்லத் தெரியாமல் துண்டைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். நீ கண்ணாடியில் என்னைப் பார்த்தாய். "தா," என்றாய், அவ்வளவுதான். மாதாமாதம் காகிதப் பை வந்தது. ஒரு தடவை நானே வெட்கப்பட்டு, செல்விக்குச் சொன்னாயா என்று கேட்டேன். "அது ஒன்ட ஒடம்பு. சொல்றதுன்னா நீ சொல்லு," என்றாய்.

முதலில் லேனுக்குப் போனேன். வேறு வழியில்லை, மாத்திரைகள் யாருடையவை என்று, கிளினிக்கில் மருந்து எழுதிக் கொடுக்கிற கொப்பியோடு காட்டினால் மறுபடி பார்க்கலாம் என்று அந்த மிஸ் சொல்லியிருந்தது. சீனி மாத்திரை நசீரா உம்மாவுடையது. அவருக்கு மகன் கட்டாரிலிருந்து கட்டுகிற மருத்துவக் காப்புறுதி ஒன்று எங்களிடமே இருக்கிறது. அதை எடுத்த காலத்தில் அவருக்குச் சீனி இல்லை. இப்போது சொன்னால் அடுத்த வருஷம் பிரீமியம் ஏறலாம் உம்மா, யோசித்துச் சொல்லுங்கள் என்று நானே எச்சரித்தேன். என் கம்பனிக்கு எதிராக நானே பேசுகிற நிலை. உம்மா கேட்டுக்கொண்டே முக்காட்டைச் சரிசெய்தார். "என்ட சீனி ஊருக்கே தெரியும் மகன். ஒங்கட கம்பனிக்கு மட்டும் தெரியாட்டி என்னவாம்? எழுதுங்க," என்றார்.

பிரஷர் மாத்திரை, ஓய்வுபெற்ற தபாலதிபர் சிவபாதம் ஐயாவுடையது. அவர் பாடு வேறு. அவுஸ்திரேலியாவில் இருக்கிற மகளுக்குத் தகப்பனுக்குப் பிரஷர் என்று தெரியாது. "தெரிஞ்சால் உடனே வந்து கூட்டிக்கொண்டு போயிடுவாள் தம்பி. நான் அங்க குளிருக்க என்ன செய்யிறது?" என்று தலையைப் பிடித்துக்கொண்டார். நான் எழும்பப் போக, "இருங்கோ, கொப்பியை எடுத்துக்கொண்டு வாறன். அந்தப் பெடியன் எனக்காக நடந்திருக்கிறான்," என்றார்.

இரண்டையும் அனுப்பினேன். சரி, ஆனால் மூன்றாவது இன்னும் அப்படியே இருக்கிறதே சேர் என்றது அந்த மிஸ். அது என்னுடையது என்றேன். "சேர், நல்லா யோசிச்சிட்டுச் சொல்லுங்க. சிஸ்டத்துல ஏறினா பிறகு எடுக்க ஏலாது. நீங்க எங்கட ஸ்டாஃப் இன்ஷூரன்ஸ் லிஸ்ட்லயும் இருக்கீங்க," என்றது. அந்தப் பிள்ளைக்கே என்மேல் இரக்கம் வந்தது. சிஸ்டத்துக்கு வராது. ஏற்றுங்கள் மிஸ் என்றேன்.

கிளெய்ம் ஒருவழியாகச் சரிவந்தது. அதற்குக் கொடுத்த விலையையும் கேள். உம்மாவின் பிரீமியம் ஏறியது. என் மருத்துவக் காப்புறுதியில் மனம் சம்பந்தப்பட்ட எதற்கும் இனிப் பொறுப்பில்லை என்று ஒரு வரியைச் சேர்த்துவிட்டார்கள். கிளை மனேஜர் இப்போது என்னிடம் சின்னப் பிள்ளையிடம் பேசுவதுபோல் மெதுவாகப் பேசுகிறார், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பொய் சொன்னவன் ஒருத்தனும் இதில் இல்லை, மச்சான். உண்மையைச் சொன்ன ஆட்களைத்தான் ஒவ்வொருவராகப் பிடித்துத் தண்டம் போட்டிருக்கிறார்கள். தவறான முடிவுக்கு வந்ததற்கு வருந்துகிறோம் என்று செல்விக்கு ஒரு வரி எழுதுங்கள் என்று கேட்டேன். அப்படி எழுதுகிற வழக்கம் இல்லையாம்.

சேதியைச் சொல்ல உன் வீட்டுக்குப் போனேன். செல்வி தனியாகத்தான் இருந்தாள், வாசலில் உடுப்பு காயப்போட்டுக்கொண்டிருந்தாள். கிளெய்ம் சரி தங்கச்சி, ஒரு கிழமைக்குள் காசு வந்துவிடும் என்றேன். தலையை மட்டும் ஆட்டினாள். "அப்ப அந்த மூணாவது?"

சொன்னேன். நெஞ்சுப் படபடப்பு, கண்டி டொக்டர், உன் வண்டி, காகிதப் பை, எல்லாம் சொன்னேன். இவ்வளவு காலம் ஏன் மறைத்தீர்கள் என்று என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். பாவம் அண்ணே என்பாள் என்றும் நினைத்தேன். அவள் இரண்டும் செய்யவில்லை. கையிலிருந்த ஈரச் சீலையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு ஒன்றுதான் கேட்டாள்.

"அப்ப அவரு நல்லாத்தான் தூங்குனாரா அண்ணே?"

"நல்லாத் தூங்கினான் தங்கச்சி," என்றேன். "அவனுக்கு என்ன, படுத்தா மரக்கட்டை."

"கொறட்டை வேற," என்றாள். அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். நீ போன நாளிலிருந்து அவள் அழுததை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். உன்மேல் ஒரு சந்தேகமும் இல்லாமல், உனக்காக மட்டும் அவள் அழுததை அன்றுதான் பார்த்தேன். கம்பனி காசைக் கொடுத்துவிட்டது. அது வருவதற்கு முன் அந்த வீட்டில் அவள் உன்னைச் சந்தேகித்துக்கொண்டு படுத்த இரவுகளை எந்தக் கிளெய்மில் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. அந்தக் கோபத்தை மட்டும் நான் இன்னும் இறக்கி வைக்கவில்லை, மச்சான். வைக்கவும் மாட்டேன்.