நீ எண்ணாமல் விட்ட பக்கம்

அன்புள்ள ஜெரோம் அண்ணா,

அன்புள்ள என்று எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அழித்துவிடலாமா என்றும் நினைத்தேன். இருந்துவிட்டுப் போகட்டும். இதற்குக் கீழே அன்பை அதிகம் தேடாதே.

உன் ஆண்டு நினைவுத் திருப்பலி போன வாரம் முடிந்தது. தெஹியோவிட்டக் கோயில் நிரம்ப ஆட்கள். வரிசை வீட்டு லயத்தில் பிறந்து இஞ்சினியராகி, தோட்டத்துச் சனங்களின் உயிரைக் காக்கப் பெட்டி செய்தவன் என்று ஃபாதர் பிரசங்கத்தில் உன்னைப் புகழ்ந்தார். அப்பா அழுதார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்தப் பெட்டி றக்வானைத் தோட்டத்தில் ஏன் ஊமையானது என்று எனக்கு இப்போது தெரியும்.

மழையை அளந்து கொழும்புக்கு அனுப்புகிற பெட்டி. அளவு மீறினால் அங்கிருந்து லயத்துச் சைரனை ஊதச் சொல்லுவார்கள். பெட்டிக்குள் இருக்கும் சின்னக் கணினியின் கேர்னலை, எல்லா நிரலுக்கும் அடியில் இருந்து நினைவகத்தைப் பங்குபோட்டுக் கொடுக்கும் அந்தப் பகுதியை, நீ பார்த்தாய். உனக்குக் கீழே நான்.

றக்வானையில் அன்றைக்கு மழை கொட்டியும் சைரன் ஊதவில்லை. மண் சரிந்து கீழ் லயத்தின் மேல் இறங்கியது. பகல் என்பதால் பலர் வேலைக்குப் போயிருந்தார்கள், தப்பினார்கள். புஷ்பம் அக்காவின் வீட்டுக்காரர் காய்ச்சலோடு படுத்திருந்தார். சுவர் விழுந்து அவருக்கு ஒரு கால் போய்விட்டது.

புஷ்பம் அக்காவை உனக்கு ஞாபகம் இருக்கும். தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டவர். பெட்டி அந்தக் கூரையில்தான் இருந்தது. பெட்டரியைக் கவனிக்கும் பொறுப்பும் அவருடையது. விசாரிக்க நாம் போனபோது, தோட்டத்தை நடத்தும் தொரை, அதிகாரிகள், லயத்துச் சனம் எல்லாரும் அங்கேதான் கூடியிருந்தார்கள். நீ எழுந்து, அழகான சிங்களத்தில், பெட்டியில் ஒரு பிழையும் இல்லை, இந்த அம்மாதான் பெட்டரியை சார்ஜ் பண்ணவில்லை என்று சொன்னாய்.

"இல்லீங்க சேர், காலையிலயும் ஏறிப் பார்த்தேங்க. பச்ச லைட்டு எரிஞ்சுச்சுங்க" என்றார் அவர்.

"நீங்க பார்த்தீங்களா இல்லையான்னு யாருக்குத் தெரியும்? உக்காருங்க."

கணவன் ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது வந்து நின்ற பெண்ணிடம் பேசுகிற பேச்சா அது?

நான் அங்கேயே சொன்னேன். "அண்ணா, பெட்டரி செத்திருந்தா ஒண்ணுமே வந்திருக்காது. கொழும்புல நமக்குக் குப்பைத் தகவலா என்னமோ வந்திருக்கே. அப்ப பெட்டி உசுரோடதான இருந்திருக்கு?"

"நீ சும்மா இரு. வீட்டுல போயி பேசிக்கலாம்" என்றாய்.

வீட்டிலும் நீ பேசவில்லை. கொம்பனியில் நான் பதிந்த கோளாறு முறைப்பாட்டை, தண்ணீர் புகுந்த வன்பொருள் கோளாறு என்று எழுதி மூடினாய். புஷ்பம் அக்காவை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். கொஞ்ச நாளில் டெங்கு உன்னைக் கொண்டுபோனது. சண்டையைப் பாதியில் விட்டுவிட்டு நீ போய்விட்டாய், எல்லாரும் உன்னைப் பெரிய மனிதனாக்கிவிட்டார்கள். என்னால் அழக்கூட முடியவில்லை, தெரியுமா?

உன் வேலை எனக்கு வந்தது. ஒரு பெட்டியை மேசையில் வைத்து, மழைமானியில் குழாய்த் தண்ணீரை விட்டேன். சரியாக வேலை செய்தது. நினைவகத்தைக் குறைத்து, தண்ணீரைக் கூட்டினேன். குப்பை வர ஆரம்பித்தது.

நினைவகத்தைக் கேர்னல் பக்கம் பக்கமாகப் பிரித்துக் கொடுக்கும். ஒரு பக்கத்தை எத்தனை வேலைகள் பிடித்திருக்கின்றன என்று எண்ணி வைத்திருக்கும். எண்ணிக்கை பூச்சியமானால் அதை எடுத்து வேறு வேலைக்குக் கொடுத்துவிடும். விடுபடும் பக்கங்களை எல்லாம் ஒரே குறியால் நிரப்பும்படி வைத்துவிட்டு மறுபடி தண்ணீரைத் திறந்தேன். வெளியே போன தகவலில் மழை அளவு இல்லை. வரிசை வரிசையாக அந்தக் குறிதான் இருந்தது. அனுப்பி முடியும் முன்பே பக்கம் பறிபோயிருக்கிறது.

அனுப்புகிற பகுதி பக்கத்தைப் பிடிக்கும்போது எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்ட வேண்டும். முன்பு அதற்கு ஒரு வரி இருந்தது. வேகம் கூடுகிறது என்று அதை எடுத்தவன் நீ. அதற்குக் கொம்பனியில் உனக்குக் கைதட்டினார்கள், நானும் தட்டினேன். தூறலில் ஒன்றும் ஆகாது. பெருமழையில் தகவல் குவிந்து நினைவகம் நெருக்கும்போதுதான், காத்திருக்கும் பக்கத்தைக் கேர்னல் பிடுங்கும். எந்த மழைக்காகப் பெட்டியை வைத்தோமோ அந்த மழையில்தான் அது பொய் சொல்லும்.

உனக்குத் தெரிந்திருந்ததா? இல்லை, தெரிந்துவிடுமோ என்று பார்க்காமலே இருந்தாயா? இரண்டில் எது மோசம் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

வரியைத் திரும்பப் போட்டுவிட்டேன். திருத்தம் அனுப்பும்போது, கோளாறு எந்த மாற்றத்தால் வந்தது என்று குறிப்பிடுவது நம் வழக்கம். அதைத் திறந்தால் உன் பெயர் தெரியும். மனேஜர் என்னைக் கூப்பிட்டு, சிங்களத்தில், "ஓக்க ஓன நே, நங்கி" என்றார். அது வேண்டாமாம். இறந்தவருக்கு மரியாதையாம். குறிப்பை எடுக்கமாட்டேன் என்றேன். எடுக்கவில்லை.

திருப்பலி முடிந்த மறுநாள் றக்வானைக்கு பஸ் ஏறினேன். புஷ்பம் அக்கா இப்போது தற்காலிகக் கொட்டிலில் இருக்கிறார். பிழை பெட்டியில்தான், என் அண்ணன் செய்த மாற்றத்தில்தான் என்று சொன்னேன். அவர் அழவில்லை. தேத்தண்ணியும் தரவில்லை.

"ஊரே என்னய என்னான்னு சொல்லுது தெரியுமா? புருசன் கால வாங்குனவளுன்னு சொல்லுது. இப்ப நீங்க வந்து என் காதுல மட்டும் சொல்லிட்டுப் போனா சரியாப்போச்சா? உங்க அண்ணன் எல்லாரு முன்னாலயுந்தானே சொன்னாரு. அதே எடத்துல, தொரை இருக்கையில சொல்லுங்க. சிங்களத்துலயும் சொல்லுங்க."

"சொல்றேன்க்கா."

"சொல்லிட்டு வாங்க. அப்பறம் பேசலாம்."

அங்கிருந்து நேரே தொரையிடம் போய்க் கேட்டேன். வரும் வெள்ளிக்கிழமைக்கு எல்லாரையும் பிள்ளைக் காம்பராவுக்குக் கூப்பிடச் சம்மதித்தார். வீட்டில் சொன்னதிலிருந்து அப்பா என்னோடு பேசுவதில்லை. அம்மா மட்டும், "செத்துப்போன புள்ளய ஏன்டி சபையில இழுக்குற? அவன் எந்திரிச்சு வந்து பதில் சொல்லவா போறான்?" என்று கேட்டாள்.

அம்மா கேட்டது சரிதான். உன்னால் பதில் சொல்ல முடியாது. புஷ்பம் அக்காவால் முடிந்தது, அவரை உட்காரச் சொன்னாய்.

வெள்ளிக்கிழமை போவேன் அண்ணா. உன் முழுப் பெயரையும் சொல்வேன், இரண்டு மொழியிலும். சொல்லிவிட்டு உட்காரமாட்டேன். புஷ்பம் அக்கா பேசி முடிக்கும்வரை அவர் பக்கத்திலேயே நிற்பேன்.

உன் கூடப்பிறந்த தங்கச்சி,
ஜெசிந்தா