தேவியார் அறைச் சாளரம் திறந்த விண்ணப்பம்

நலம் பெருகுக. மழை பொய்யாத கூவிள நாட்டை ஒரு குடைக்கீழ் ஆளும் மன்னர்க்குப் பெருங்காரியம் பார்க்கும் அமைச்சர் அருவந்தையார் திருமுன்புக்கு, பழைய ஆற்றுமாளிகையில் தண்ணீர் சுமந்து, நரைத்தபின் எழுத்துப் படித்து, இப்போது தனியே காவலும் பார்க்கிற பொத்தன் தலைதாழ்த்தி எழுதிக்கொண்ட ஓலை. புதுத் தலைநகரில் தேவியாரும் யானை குதிரைகளும் சுகமாயிருக்க வேண்டும்.

காரியம் என்னவெனில், ஆறு தடம் மாறி அரசிருக்கையே பெயர்ந்த நாளில், கடல்கடந்த தீவிலிருந்து வந்த அகல இலைச் செடியைத் தேவியார் தம் அறையில் விட்டு, தாம் திரும்பும்வரை அது வாடலாகாது என்று பொத்தனிடம் சொல்லிப் போனார். தேவியார் இல்லாத அறைச் சாளரத்தைக் கயிற்றால் கட்டி அரக்கு முத்திரை இடுவது மாளிகை வழக்கம். அப்படியே அடைத்துப் போனார்கள். இருட்டில் இலை மஞ்சளித்தது. தண்ணீர்க்காரன் புத்தி தண்ணீரைத்தானே நினைக்கும்? பேச வேறு ஆளில்லாமல் பொத்தன் அடிக்கடி அங்கே போனான், போகும்போதெல்லாம் ஊற்றினான்.

மாதம் ஒருமுறை வரும் உப்பு வண்டிக்காரர் கோடன், வாசலிலேயே மூக்கைப் பொத்திக்கொண்டு, செடி வளர்க்கிறீரா, சேறு வளர்க்கிறீரா என்று கேட்டுச் சிரித்தார். மரக்கலத்தில் தீவுக்குப் போய் வந்தவர் அவர். இது பெருமரங்களின் அடியில் வாழ்வது, வெயிலும் ஆகாது, இருட்டும் ஆகாது, விரல் வைத்து மண் காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றும் என்றார். பொத்தன் அழுகிய வேரை அறுத்து, மணலும் கரித்துண்டும் கலந்து மாற்றி நட்டு, இலைத் தூசியை ஈரத்துணியால் துடைத்தான். முற்றத்தில் வைத்ததில் அரைநாளில் ஓர் இலை கருகிற்று. மற்ற அறைகளின் சாவி தலைநகரில் இருக்கிறது. சாளரம் திறக்க உத்தரவு கேட்டு மூன்று ஓலை போயின, மறுமொழி இல்லை. கடைசியில் ஓர் இலையே நின்றது.

அரச முத்திரை அறுத்தவன் கையை அறுப்பது சட்டம் என்று தெரிந்தே பொத்தன் கயிற்றை அறுத்துச் சாளரத்தைத் திறந்தான். இருபது நாளாயிற்று, குருத்து ஒன்று சுருளாய் வந்திருக்கிறது.

முத்திரை அறுத்தவன் முத்திரை இடுதல் தகாது என்று இவ்வோலை வெறும் நாரால் கட்டப்பட்டது. தண்டத்துக்கு மறுப்பில்லை. மண்ணை விரல் வைத்துப் பார்க்க மற்றக் கை போதுமாகையால், காவலைவிட்டு நீக்க வேண்டாம். தண்டம் நிறைவேற்ற வருகிறவர் பகலில் வந்து, அன்றே திரும்பாமல், இரண்டு நாளாவது தங்கி, நாட்டு நடப்பெல்லாம் சொல்லிப் போகும்படி கட்டளையாக வேண்டும்.