பிறையிலிருந்து டிவி வந்த ஞாயிறு

என்னங்க, உங்களைத்தான்.

கூப்பிட்டால் "இரு, இந்த சீன் முடியட்டும்" என்பீர்களே, அந்தப் பதில் இனி வராது என்று தெரியும். தெரிந்தும் வாய் அப்படித்தான் கூப்பிடுகிறது. முதல் வருடத் திதி முடிந்து நாலைந்து மாதம் ஆகிவிட்டது. நான் நன்றாக இருக்கிறேன். முழங்கால் மட்டும் படிக்கட்டைப் பார்த்தால் முறைக்கிறது.

உங்களுக்குச் சொல்ல வேண்டிய முக்கியமான செய்தி ஒன்று இருக்கிறது. கேட்டால் மனசு கஷ்டப்படும். உங்கள் டீல் முடிந்துவிட்டது.

எந்த டீல் என்று கேட்பீர்கள். எத்தனையைத்தான் போட்டீர்கள்! துறைமுகத்தில் ஷிப்ட் முடிந்து வரும் மனிதர், நேராக வீட்டுக்கு வராமல் கொம்தார் கட்டடத்து ஃபோன் கடைகளைச் சுற்றிவிட்டு, கையில் ஒரு விளம்பரத் தாளோடு வருவீர்கள். முதலில் கூரையில் தட்டு வைத்து, கார்டு போட்டுப் பார்க்கும் டிவி. பிறகு இன்டர்நெட் போட்டால் வீட்டு ஃபோன் இலவசம். பிறகு ஹேண்ட்ஃபோன் வாங்கினால் ஆறு மாதம் படம் இலவசம். அப்புறம் டேப்லட், பேசும் ஸ்பீக்கர். அந்த ஸ்பீக்கரிடம் நீங்கள் தமிழில் பாட்டுக் கேட்டால் அது வானிலை சொல்லும். நீங்களும் விடாமல் அதனோடு சண்டை போடுவீர்கள்.

"சும்மா கொடுக்கறான் சரோ!" என்று குதிப்பீர்கள். "எவனும் சும்மா கொடுக்க மாட்டான். ரெண்டு வருஷம் உங்களைக் கட்டிப்போடறான்" என்பேன் நான். ஞாபகம் இருக்கிறதா?

நான் சொன்னதுதான் நடந்தது. ஆரம்பத்தில் புது மாப்பிள்ளைக்குச் செய்கிற கவனிப்பு. கொஞ்ச காலம் போனதும் சத்தமில்லாமல் விலையைக் கூட்டினான். அப்புறம் அதே விலைக்கு நடுவில் விளம்பரம் போட்டான், விளம்பரம் வேண்டாமென்றால் மேலே கட்டு என்றான். இரண்டு டிவியில் ஒரே நேரத்தில் பார்க்க ஒரு விலை, நாலு டிவியில் பார்க்க ஒரு விலை. நீங்கள் அசரவில்லை. பெரிய பேக்கேஜாகப் போட்டு, மூன்று பெயர்களை ஏற்றினீர்கள்: வீடு, பிறை, தாசேக்.

கடல் பாலத்துக்கு அந்தப் பக்கம், பிறையில் உங்கள் தம்பி முரளி. தாசேக் கெலுகோரில் உங்கள் தங்கை கஸ்தூரி. "ஒரு குடும்பத்துக்கு எதுக்கு மூணு பில்லு?" என்று சொல்லி, ஆளுக்கொரு குட்டிப் பெட்டி வாங்கி அவர்கள் டிவிக்குப் பின்னால் நீங்களே போய்ச் செருகிவிட்டு வந்தீர்கள். டீலோடு இலவசமாக வந்த பெரிய டிவியையும் முரளி புதுவீடு புகுந்தபோது தூக்கிக் கொடுத்தீர்கள். நான் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். அதுவும் ஞாபகம் இருக்கும்.

நீங்கள் போன பிறகு ஒன்று நடந்தது. அதை யாரிடமும் சொன்னதில்லை, உங்களிடம் சொல்கிறேன். முரளி வருவது குறைந்துவிட்டது. கஸ்தூரி வருவதும்தான். சண்டை ஒன்றுமில்லை. சண்டையாக இருந்தாலாவது சமாதானம் பேச ஒரு சாக்கு இருக்கும். தீபாவளிக்கு வந்தார்கள், உங்கள் நாற்காலியைப் பார்த்தார்கள், காப்பியைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பினார்கள். அதற்குப் பிறகு ஃபோனில் "நல்லா இருக்கீங்களா அண்ணி?" "நல்லா இருக்கேன்" என்பதோடு சரி.

மத்தியானத்தில் டிவியைப் போட்டு அந்தக் கணக்கைத் திறந்து பார்ப்பேன். பிறை என்ற பெயரில் ஒரு படம் பாதியில் நிற்கும். தாசேக்கில் பேய்ப்படமாக ஓடியிருக்கும். ஓ, கஸ்தூரி வீட்டில் எல்லாரும் நன்றாகத்தான் இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வேன். அவர்கள் என்ன பார்க்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். நான் என்ன செய்கிறேன் என்று அவர்களுக்குத் தெரியாது.

அப்படி இருக்கும்போது ஒருநாள் காலையில் முரளி ஃபோன் அடித்தார். "அண்ணி, சாப்பிட்டீங்களா?" என்று ஆரம்பித்து, கொஞ்சம் இழுத்து, "டிவில என்னமோ வருது அண்ணி. இந்த டிவி உங்க வீட்டோடது இல்லன்னு போடறான்" என்றார். அரை மணி நேரத்தில் கஸ்தூரியும் அதையே சொன்னாள். டிவி நின்றதற்கு நான் கவலைப்பட்டிருக்க வேண்டும். ஒரே நாளில் இரண்டு பேரும் கூப்பிட்டார்களே என்று எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

கிளம்பி, நீங்கள் வழக்கமாகப் போகும் கடைக்கே போனேன். தமிழ்ப் பெண் ஒருத்தி இருந்தாள். உங்கள் பெயரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "ஆன்ட்டி, இந்த டீல் ஹபிஸ் லா. மாசக் கடைசியோட முடியுது. அங்கிள் போட்ட ரேட்டு இப்ப யாருக்கும் இல்ல" என்றாள்.

"பழைய ஆளுங்களுக்கு என்னம்மா வச்சிருக்கீங்க?"

"பழைய கஸ்டமருக்கு ஒண்ணும் இல்ல ஆன்ட்டி. உங்க பேருல புதுசா சேர்ந்தா டிவி ஃப்ரீ."

"நல்லா இருக்கேம்மா நியாயம்! இத்தனை வருஷம் ஒழுங்காக் கட்டினவங்களுக்குப் பெப்பே, நேத்து வந்தவனுக்கு டிவியா?"

அவள் சிரித்துவிட்டாள். "நான் சம்பளத்துக்கு வேலை பார்க்கறேன் ஆன்ட்டி, என்னைத் திட்டாதீங்க" என்று சொல்லி, விஷயத்தை விளக்கினாள். புதிய சட்டமாம். ஒரு கணக்கு ஒரு வீட்டுக்குத்தானாம். வேறு இடத்தில் இருக்கும் டிவி, மாதம் ஒரு முறையாவது நம் வீட்டு வைஃபையில் வந்து சேர வேண்டும், இல்லாவிட்டால் பூட்டிக்கொள்ளும். "நிறுத்திட்டு ஃபோன்லயே பாருங்க ஆன்ட்டி, விளம்பரத்தோட. உங்க ஒரு ஆளுக்கு அதுவே போதும்" என்றாள்.

என் ஒரு ஆளுக்கு. அவள் தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் சுருக்கென்றது. உங்கள் குடும்பத்துக்கு நான் உங்களோடு சேர்ந்து வந்தவள்தானே? ஃபோனோடு வரும் ஸ்பீக்கர் மாதிரி. ஃபோன் போன பிறகு ஸ்பீக்கரை யார் வைத்துக்கொள்வார்கள்? இந்தக் கணக்கையும் அறுத்துவிட்டால் முரளிக்கும் கஸ்தூரிக்கும் என்னைக் கூப்பிட வேறென்ன இருக்கிறது? யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

பஸ்ஸிலேயே குடும்ப குரூப்பில் குரலைப் பதிந்து அனுப்பினேன். "எல்லாரும் கேளுங்க. மாசத்துக்கு ஒரு தடவை உங்க டிவிய நம்ம வீட்டுக்குக் கொண்டாந்து முகம் காட்டணுமாம். இல்லன்னா படம் ஓடாதாம். ஞாயித்துக்கிழமை வாங்க, சமைச்சு வைக்கிறேன்." அனுப்பிய பிறகு வெட்கமாக இருந்தது. டிவியை வைத்து மனிதர்களைக் கூப்பிடும் நிலைமைக்கு வந்துவிட்டோமே என்று.

ஞாயிறு காலையில் நெத்திலி சம்பாலும் கோழிக்கறியும் அடுப்பில். கஸ்தூரிதான் முதலில் வந்தாள், பிள்ளைகளோடு. கைப்பையிலிருந்து அந்தக் குட்டிப் பெட்டியை எடுத்து மேசையில் வைத்தாள். "இந்தாங்க அண்ணி, முகம் காட்டச் சொல்லுங்க!" என்று ஒரே சிரிப்பு.

பிறகு கீழே ஒரு சத்தம். எட்டிப் பார்த்தால், என்னங்க, நான் என்னத்தைச் சொல்வேன்! முரளியின் கெரெத்தா நிற்கிறது, காரின் பின்கதவைக் கயிற்றால் கட்டியிருக்கிறது. உள்ளே போர்வை சுற்றி, நீங்கள் கொடுத்த அந்தப் பெரிய டிவி. முழு டிவி. பிறையிலிருந்து பாலத்தைத் தாண்டி, மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறார். லிஃப்டில் நேராக நிற்காமல், சாய்த்துப் பிடித்து, அவர் மனைவி சுமதி ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். எதிர்வீட்டுச் சீன ஆன்ட்டி கதவைத் திறந்து, வீடு மாற்றுகிறீர்களா என்று மலாயில் கேட்டார்.

"டேய், மூளை இருக்காடா உனக்கு?" என்று கஸ்தூரி கத்தினாள். "பின்னாடி இருக்கற பாக்ஸ் மட்டும் போதும்டா!"

"அண்ணி டிவின்னுதானே சொன்னாங்க" என்றார் முரளி, வியர்வையைத் துடைத்துக்கொண்டு.

நம் டிவிக்குப் பக்கத்திலேயே அதை நிறுத்தினோம். அதையும் கஸ்தூரியின் பெட்டியையும் வைஃபையில் சேர்க்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. ஆனால் அவ்வளவு கஷ்டப்பட்டு ஏற்றியதை உடனே எப்படி இறக்குவது? சாப்பாடு ஆனது. ஒரு படம் போடலாம் என்றாள் கஸ்தூரி.

திரையில் யார் பார்ப்பது என்று கேட்டது. வீடு, பிறை, தாசேக், அதற்கடுத்து கடைசியில் உங்கள் பெயர். பிறகு உங்களுக்கென்று தனியாக நாலாவதாக ஒன்று வைத்துக்கொண்டீர்களே, நான் சீரியல் பார்த்து உங்கள் கணக்கைக் கெடுக்கிறேன் என்று. ரிமோட் முரளி கையில். அவர் என்னைப் பார்த்தார், நான் தலையை ஆட்டினேன். உங்கள் பெயரை அழுத்தினார்.

நீங்கள் பாதியில் விட்ட படம், விட்ட இடத்திலேயே நின்றது. அங்கிருந்தே பார்த்தோம். முன்பாதி யாருக்கும் தெரியாது. அந்த மீசைக்காரன் அப்பாவா வில்லனா என்று ஒரே தகராறு. கஸ்தூரி வில்லன் என்றாள், முரளி அப்பா என்றார், கடைசியில் பார்த்தால் அவன் போலீஸ். நீங்கள் இருந்திருந்தால் படத்தை நிறுத்தி, லேட்டாக வந்தவர்களுக்கு முன்கதை சொல்லியிருப்பீர்கள். வழக்கமாக எரிச்சலாக வரும் எனக்கு. அன்றைக்கு அதற்காக ஏங்கினேன். அழுதேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

பாத்திரம் கழுவும்போது சுமதியிடம் சொன்னேன், "பாவம் தம்பி, நான் சரியா சொல்லாம விட்டதுல டிவியத் தூக்கி இடுப்பு ஒடிஞ்சிருக்கும்."

சுமதி தண்ணீரை நிறுத்தினாள். "அக்கா, ஃபேக்டரில அத்தனை மெஷினுக்கும் வைஃபை போடறது அவருதான். பாக்ஸ் போதும்னு அவருக்குத் தெரியாதா?"

"அப்புறம் ஏன்?"

"நானும் கேட்டேன். பாக்ஸை மட்டும் கொண்டு போனா காட்டிட்டு உடனே கிளம்பிருவோம், டிவியக் கொண்டு போனா அண்ணி வீட்ல உட்காரலாம்னாரு. அண்ணன் இல்லாத வீட்டுக்குள்ள சும்மா எப்படி நுழையறதுன்னு தெரியலையாம்க்கா."

கேட்டீர்களா? இத்தனை மாதமும் அவர்கள் என்னை மறந்துவிட்டார்கள் என்று நான் இங்கே உட்கார்ந்திருந்தேன். அவரோ அங்கே வருவதற்கு ஒரு வேலை தேடிக்கொண்டிருந்திருக்கிறார்.

கிளம்பும் நேரத்தில் கஸ்தூரி ஃபோனில் தட்டி ஒரு கணக்கு சொன்னாள். அவரவர் ஃபோன் லைனோடு தனித்தனியாகப் போட்டால் மலிவாம், பாலத்து டோலும் கார் எண்ணெயும் மிச்சமாம். உங்கள் தங்கையாயிற்றே, கணக்கு சரியாகத்தான் இருக்கும். முரளி போர்வையைச் சுற்றிக்கொண்டே, "அக்கா, நீ வேணும்னா தனியாப் போட்டுக்க. எனக்கு அண்ணி கணக்குதான்" என்றார். கஸ்தூரி ஃபோனைப் பைக்குள் போட்டு, "ஆமா, நீ மட்டும் மாசாமாசம் சம்பால் சாப்பிடுவ, நான் பார்த்துக்கிட்டு இருக்கணுமா லா?" என்றாள்.

மறுநாள் நான் கடைக்குப் போனேன். என் பெயரில் புதிய டீல், நீங்கள் ஏற்றிய நாலு பெயர்களும் அப்படியே அதில் வந்துவிடுமாம். உங்கள் காலத்து விலையைவிட அதிகம்தான். இலவச டிவி வேண்டாம் என்றேன். "எங்க வீட்டுக்கு மாசாமாசம் டிவி தானா வரும்மா" என்றதற்கு அந்தப் பெண் ஒன்றும் புரியாமல் விழித்தாள். அதற்குப் பதிலாகப் பெரிய ரைஸ் குக்கர் இருந்தது, எடுத்துக்கொண்டேன்.

கையெழுத்துப் போடும் முன், "எவ்வளவு நாளைக்குக் கட்டிப்போடுவீங்க?" என்று கேட்டேன்.

"ரெண்டு வருஷம் ஆன்ட்டி. நடுவுல நிறுத்த முடியாது, சாரி."

"மூணு வருஷத்துக்கு இருக்கா?"

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அந்தக் கவுண்டரில் யாரும் அப்படிக் கேட்டிருக்க மாட்டார்கள்.

இவ்வளவு காலம் நீங்கள் யாருக்காகக் கட்டுப்பட்டீர்கள் என்று நான் கேட்டதே இல்லை, ஏன் கட்டுப்பட்டீர்கள் என்று திட்டத்தான் செய்தேன். இப்போது உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். விலை ஏற்றினால் அந்தக் கடையில் போய்ச் சண்டை போடுவேன், அதில் குறை வைக்க மாட்டேன். ஆனால் அறுக்க மாட்டேன். உங்கள் பெயரையும் எடுக்க மாட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் வைஃபையும் அடுப்பும் அணையாது. லிஃப்ட் கெட்டுப்போனால், முழங்கால் முறைத்தாலும், டிவியின் ஒரு பக்கத்தை நான் பிடித்துக்கொள்கிறேன்.

உங்கள் வீட்டுக்காரி,
பிறைக்கும் தாசேக்குக்கும் அண்ணி,
சரோஜா